கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்

ஒரு மார்கழியில் என் மச்சான் கொழும்பிலிருந்து விடுமுறைக்குக் கோப்பாய்க்கு வந்தான். சனிக்கிழமை விடியப்புறம் பஸ்ஸால் இறங்கியவன், திங்கள் இரவு குளிரும் நடுக்கமுமாகப் படுத்துவிட்டான். புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். அவன் வார்டில் கிடக்கும்போதே எங்கள் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர் வழக்கில் பிஎச்ஐ.

"தம்பி எப்ப வந்தவர்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை, ஐயா."

"காய்ச்சல் எப்ப துவங்கினது?"

"திங்கள் இரவு."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப இது இங்கத்தை நுளம்பு இல்லை. கொழும்பில கடிச்சிருக்கு. ஆனா விலாசம் உங்கட விலாசம்தானே குடுத்திருக்கிறியள்."

நுளம்பு கடித்து டெங்குக் காய்ச்சல் வெளிப்பட 4 முதல் 10 நாள் வரை பிடிக்கும். இரண்டு நாளில் வராது. மச்சானின் அடையாள அட்டையில் இருப்பது கோப்பாய் விலாசம்; வார்டிலும் யோசிக்காமல் அதையே கொடுத்திருந்தோம். அந்த வாரம் யாழ்ப்பாணத்தின் டெங்குக் கணக்கில் ஏறிய எண்ணில் ஒன்று, கொழும்பு நுளம்பு தந்தது.

அன்று தொடக்கம் இந்த அட்டவணைகளை நான் விடாமல் பார்த்துவருகிறேன். பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லித் தந்தார்கள். நோய், தடுப்பூசி, இறப்பு பற்றிய செய்தி வந்தால் நம் கண் மேலே இருக்கும் எண்ணிலேயே நிற்கிறது. இத்தனை பேருக்குக் காய்ச்சல், இத்தனை பேர் பலி. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை கதையின் பெரும்பங்கு கோட்டுக்குக் கீழேயும், அந்த எண்ணை யார் எந்த விலாசத்தில் எழுதினார்கள் என்பதிலும் கிடக்கிறது.

காய்ச்சல் கொழும்புக்குப் போகும் வழி

தொற்றுநோய் கண்டால் அறிவிக்க வேண்டும் என்ற கடமை இலங்கையில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று பெயர். ஒரு வைத்தியர் டெங்கு, நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், செங்கண்மாரி போன்ற ஒன்றைச் சந்தேகித்தாலே போதும், 'எச் 544' என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பிஎச்ஐ வீட்டுக்கு வருவார். சனி தொடங்கி வெள்ளி வரை ஒரு வாரம் என்று கணக்கு. வாரம் முடிய ஒவ்வொரு பணிமனையும் தன் பகுதியின் கணக்கைக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அனுப்பும். அந்தப் பிரிவு வாராவாரம் வெளியிடும் அட்டவணையில் 26 நிரைகள் இருக்கும். 25 மாவட்டங்கள், அம்பாறையிலிருந்து கல்முனையைத் தனியே பிரித்ததால் 26. அதில் ஒரு நிரை யாழ்ப்பாணம்.

வழி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் சிலர் இறங்கிவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் குடித்து எழும்பியவர் இந்தக் கணக்கில் இல்லை. பின்னேரம் தனியார் டிஸ்பென்சரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் பெரும்பாலும் இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டில் படுத்தவர்தான் கணக்கில் ஏற அதிக வாய்ப்புள்ளவர். அதாவது, அட்டவணையில் நாம் பார்ப்பது நோயாளிகளின் தொகை அல்ல. நோய் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், வைத்தியருக்குச் சந்தேகம் எழுந்து, யாரோ ஒருவர் படிவம் நிரப்பியவர்களின் தொகை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நாட்டின் டெங்குக் கணக்கே சாட்சி. 2009இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 35,008, இறந்தவர்கள் 346. 2017இல் பதிவானவர்கள் 1,86,101, இறந்தவர்கள் 440. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் 2017 கூடுதலாகக் கொன்ற ஆண்டு. கீழே உள்ள எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் 2009இல் நூறு நோயாளருக்கு ஒருவர் இறந்தார், 2017இல் ஆயிரம் பேருக்கு இரண்டு மூன்று பேர். வைத்தியர்கள் டெங்குவைக் கையாளக் கற்றுக்கொண்டது உண்மை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்க்கசிவு தொடங்கும் நேரத்தை மணிக்கு மணி பார்த்து, கொடுக்கும் சேலைனை அளந்து, தனிப் பிரிவு வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் அதே காலத்தில் இலேசான காய்ச்சலையும் டெங்கு என்று சந்தேகித்துப் பதியும் பழக்கமும் வளர்ந்தது. கீழே உள்ள எண் பெருத்தால் இறப்பு வீதம் தானாகவே குறைந்து காட்டும். இரண்டில் எதற்கு எத்தனை பங்கு என்பதை அந்த ஒற்றை வீதம் சொல்லாது. "டெங்கு இறப்பு வீதம் நாலில் ஒன்றாகக் குறைந்தது" என்று யாராவது எழுதினால் நான் அங்கே கொஞ்சம் நின்றுதான் வாசிப்பேன்.

எங்கள் நிரையில் மட்டும் தெரிவது

யாழ்ப்பாண நிரைக்கு என்று சில குணங்கள் உண்டு. தெற்கிலும் மேற்கிலும் டெங்கு ஆனி, ஆடியில் ஒரு முறை உச்சம் தொடும். எங்களுக்கு அது வடகீழ்ப் பருவமழையோடு, ஐப்பசி கார்த்திகையில் ஏறத் தொடங்கி மார்கழி தையில் உச்சத்துக்குப் போகும். அதே மாதங்களில்தான் நத்தாருக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஊர் நிறைகிறது. மழையால் எத்தனை, பஸ்ஸில் வந்தது எத்தனை என்று பிரிக்க, பிஎச்ஐ கேட்ட அந்த இரண்டு கேள்வியைத் தவிர வேறு வழியில்லை.

டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று நாம் படித்திருக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனும் ரஞ்சன் இராமசாமியும் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கடற்கரையோர உவர்நீரிலும் இந்த நுளம்பு பெருகுவதை 2011இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். குருநகர், நாவாந்துறை போல கடலை ஒட்டிக் குடியிருக்கும் ஊர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை. உப்புத் தண்ணீர்தானே என்று ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்காமல் விட முடியாது.

நெருப்புக் காய்ச்சல் நிரலில் யாழ்ப்பாணம் பல வருடங்கள் நாட்டின் முன் வரிசையில் நின்றது. சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருக்கிறோம். மலசலகூடக் குழியிலிருந்து கசிவது கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. காரணம் அதுதான் என்று சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசை. ஆனால் இங்கேயும் எண்ணுக்குள் வேறொரு சிக்கல் இருக்கிறது. நெருப்புக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் முதல் வாரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். விடாத காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு. நெருப்புக் காய்ச்சலை உறுதி செய்ய இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கத்தில் இருந்த வைடால் பரிசோதனை, நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டக்கூடியது. உண்ணிக் காய்ச்சலுக்கோ உடம்பில் எங்காவது ஒரு கரும்பொருக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். அக்குளிலும் அரையிலும் மறைந்திருக்கும், தேடினால்தான் தெரியும். வைத்தியர்கள் தேடத் தொடங்கிய ஊரில் அந்த நோயின் எண் ஏறும். யாழ்ப்பாணம் உண்ணிக் காய்ச்சலிலும் முன் வரிசையில் நிற்பதை வாசிக்கும்போது, இங்கே பற்றைகளும் தோட்டங்களும் அதிகம் என்பதோடு, இங்கே அதைத் தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இன்னொன்று, பெயர் உண்ணிக் காய்ச்சல் என்றாலும் பற்றைக்காட்டில் கடித்து இதைப் பரப்புவது நாயில் காணும் உண்ணி அல்ல. கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு.

இதற்கு நேர் எதிரானது 2024 மார்கழியில் நடந்தது. கார்த்திகைக் கடைசியில் பெருவெள்ளம். வெள்ளம் வற்றிய கையோடு வடமராட்சிப் பக்கமிருந்து காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். குறைந்தது 7 பேர். "மர்மக் காய்ச்சல்" என்று தலைப்புகள் வந்தன. பரிசோதித்ததில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. தெற்கில், வயல் மாவட்டங்களில் இது பழகிய நோய். எங்கள் நிரையில் எலிக்காய்ச்சலுக்கு நேரே எப்போதும் சின்ன எண்தான். சின்ன எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நோய் சட்டென்று நினைவில் வராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பிறகு வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுத்தார்கள். அட்டவணை நேற்று நடந்ததைச் சொல்கிறது. வெள்ளம் அதை வாசித்துவிட்டு வருவதில்லை.

இல்லாத குடிசன மதிப்பு

இனிக் கோட்டுக்குக் கீழே. ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்ல, ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 1981 குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 8,30,552. அப்போது கிளிநொச்சியும் இதற்குள். அதைப் பிரித்துப் பார்த்தால் இன்றைய யாழ் மாவட்டத்துக்கு 7,38,788. அடுத்த குடிசன மதிப்பு 1991இல் நடந்திருக்க வேண்டும், நாட்டிலேயே நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் முழுமையாக எண்ணி முடித்தது 18 மாவட்டங்களில்தான். யாழ்ப்பாணம் அதில் இல்லை. 2012இல் மறுபடி எண்ணியபோது வந்தது ஏறத்தாழ 5 லட்சத்து 83 ஆயிரம்.

இடையில் 31 வருடம். அந்த 31 வருடத்துக்குள் 1990 ஐப்பசியில் முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. வன்னிக்குப் போனவர்கள், இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவர்கள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள், திரும்பி வந்தவர்கள், மறுபடி போனவர்கள் எல்லாரும் இந்தக் கணக்குக்குள் வந்து போனவர்கள்தான். இந்தக் காலத்து யாழ்ப்பாணம் பற்றிய எந்த வீதத்தைப் பார்த்தாலும், அதன் கீழே இருப்பது எண்ணிய எண் அல்ல, மதிப்பிட்ட எண்.

இது எவ்வளவு தூரம் கணக்கைப் புரட்டும் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வருடத்தில் 3,500 பேர் இறந்தார்கள் என்று வையுங்கள். கீழே 7,38,788ஐப் போட்டால் ஆயிரத்துக்கு 4.7. கீழே 5,83,000ஐப் போட்டால் ஆயிரத்துக்கு 6. ஒரு உயிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய சனத்தொகையை வைத்து வகுத்தவருக்கு ஊர் சுகமாக இருக்கிறது. புதியதை வைத்து வகுத்தவருக்கு நிலைமை மோசமாகிவிட்டது.

சின்ன இடங்களில் இன்னொரு தொல்லை. நெடுந்தீவில் இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஒரு வருடம் இரண்டு குழந்தைகள் இறந்து, அடுத்த வருடம் ஒருவரும் இறக்காவிட்டால், சிசு மரண வீதம் வானத்துக்கு ஏறி நிலத்துக்கு இறங்கும். அதை வைத்து நெடுந்தீவு வைத்தியசாலை கெட்டுவிட்டது என்றோ திருந்திவிட்டது என்றோ எழுத முடியாது. குறிகட்டுவானிலிருந்து படகு எத்தனை மணிக்குப் புறப்படும், கர்ப்பிணியைக் கடல் கொந்தளிக்கும் நாளில் எப்படிக் கரைசேர்ப்பது என்று கேட்பதுதான் அங்கே பொருத்தமான கேள்வி.

கிளினிக் கொப்பியும் நூற்றுக்கு நூற்றி மூன்றும்

தடுப்பூசிக் கணக்கு குடும்பநல மருத்துவ மாதுவின் பதிவேட்டில் தொடங்குகிறது. நான் இந்த முழு அமைப்பிலும் மிக மதிக்கும் ஆள் அவர்தான். சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் யார் பிள்ளைத்தாய்ச்சி, எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் ஊசி என்று ஒவ்வொரு பெயராக வைத்திருப்பவர். குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட முன்னர் காசநோய்த் தடுப்பூசி. 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியும் சொட்டு மருந்தும். 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து மூன்றுக்கும் ஒரு ஊசி. ஒரு வயதில் யப்பானிய மூளையழற்சிக்கு. 3 வயதில் சின்னமுத்து ஊசி மறுபடி. எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கும்.

ஒரு பகுதியில் எத்தனை வீதம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்று என்று பார்க்க, போட்ட ஊசிகளை, போட வேண்டிய பிள்ளைகளின் மதிப்பீட்டால் வகுப்பார்கள். இங்கே எங்கள் வழக்கம் குறுக்கே வருகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். பிள்ளை தெல்லிப்பழையில் பிறக்கும்; மூன்றாம் மாதம் காரைநகருக்குப் புகுந்த வீட்டுக்குப் போகும். ஒரு பகுதியில் மதிப்பிட்டதைவிடக் கூடப் பிள்ளைகள் வந்தால் நூற்றுக்கு 103 என்றும் எண் வரும். அது யாரும் பொய் எழுதியதால் வந்ததல்ல. கீழே இருந்த மதிப்பீடு பிசகியதால் வந்தது. அதே காரணத்தால் 97 என்று வரும் எண்ணிலும் பிசகு இருக்கலாம். அங்கே மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

தடுப்பூசிக் கணக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது சின்னமுத்து. இலங்கையில் 1984 தொடக்கம் 9 மாதத்தில் இந்த ஊசி போட்டுவந்தார்கள். 2011இல் மூன்று நோய்க்குமான ஊசி அறிமுகமானபோது முதல் தடவையை ஒரு வயதுக்குத் தள்ளினார்கள். வயது கூடிய குழந்தையின் உடம்பு ஊசியை நன்றாக ஏற்கும் என்பது அதற்கான நியாயம். நியாயம் சரியானதே. ஆனால் 2013இல் நோய் திரும்பியது. அந்த ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள். மொத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் "சின்னமுத்து கூடிவிட்டது" என்பதோடு முடிந்திருக்கும். வயது வாரியாகப் பிரித்தார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் பெரும் பங்காக நின்றார்கள். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துபோகிறது; ஊசியோ ஒரு வயதில்தான். இடைப்பட்ட மாதங்களில் குழந்தை வெறும் மேலோடு நிற்கிறது. 2015இல் முதல் ஊசியை மறுபடி 9 மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2019இல் நாடு சின்னமுத்தை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டியதும் இதே வயதுக் கணக்குத்தான் வழிகாட்டியது. 2024 தையில் 9 மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு மேலதிக ஊசி போட்டார்கள். அந்த ஒன்பதில் யாழ்ப்பாணமும் ஒன்று. "ஆறு மாசப் பிள்ளைக்கு இது ஏன் இப்ப?" என்று கிளினிக் வாசலில் கேட்ட தாய்மாருக்கு உரிய பதில், 2013இன் அந்த வயது நிரலில் இருந்தது.

இன்னொரு பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். "நோய் வந்தவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்களாம், அப்ப ஊசி எதுக்கு?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 970 பேர் இரண்டு தடவையும் ஊசி போட்டவர்கள்; 30 பேர் போடாதவர்கள். இரண்டு தடவை போட்ட சின்னமுத்து ஊசி நூறு பேரில் 97 பேரைக் காக்கும். மீதி 3 வீதம் என்றால் 970 பேரில் 29 பேர். கிருமி எல்லாரையும் தொட்டால் ஊசி போட்டவர்களில் 29 பேருக்கு வரும். போடாத 30 பேரில் ஏறத்தாழ எல்லாருக்கும் வரும். நோயாளிகளில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள் என்ற செய்தி பொய் இல்லை. ஆனால் ஒரு பக்கம் 970இல் 29, மறு பக்கம் 30இல் 30. எந்தத் தாயும் தன் பிள்ளையை எந்தப் பக்கம் நிறுத்துவாள் என்பது சொல்லாமலே தெரியும்.

வெறுமையும் பூச்சியமும்

வாராந்த அட்டவணையின் வலது ஓரத்தில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. யாரும் பார்ப்பதில்லை. ஒன்று, எத்தனை வீதம் அறிக்கைகள் உரிய நேரத்துக்கு வந்தன. மற்றது, மொத்தமாக எத்தனை வீதம் வந்து சேர்ந்தன. நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். ஏனென்றால் பூச்சியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. நோய் இல்லை என்பது ஒன்று. சொல்ல ஆள் இல்லை என்பது மற்றது. நோயாளர் ஒருவரும் இல்லாத வாரத்திலும் "இல்லை" என்று எழுதி அனுப்பச் சொல்வது அதனால்தான்.

இளம்பிள்ளைவாதம் இலங்கையில் கடைசியாக வந்தது 1993இல். தேசிய சொட்டு மருந்து நாட்கள் 1990களின் நடுவில் தொடங்கின; அந்த நாட்களுக்காகப் போரில் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. ஐஸ் பெட்டியோடு மருந்து முன்னரங்கைக் கடந்து வந்தது. பிறகு ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. ஆனால் போர் நடக்கும் பூமியில் "வரவில்லை" என்பதை எப்படி நம்புவது? அதற்கு ஒரு அருமையான முறை இருக்கிறது. இளம்பிள்ளைவாதம் இல்லாவிட்டாலும், வேறு காரணங்களால் 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவருக்காவது கை கால் திடீரென்று தளர்ந்துபோகும். அந்தப் பிள்ளைகளை எல்லாம் கண்டுபிடித்து, மலத்தைப் பரிசோதித்து, இது போலியோ இல்லை என்று ஒவ்வொன்றாக உறுதி செய்ய வேண்டும். ஒரு மாவட்டம் அப்படி ஒரு பிள்ளையையும் காட்டவில்லை என்றால் அங்கே பூச்சியத்தை நம்ப மாட்டார்கள். தேடியதற்குச் சான்று இருக்கும் பூச்சியம்தான் பூச்சியம்.

மலேரியாவில் இந்தப் பாடத்தை நாடு மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1963இல் இலங்கை முழுவதற்கும் 17 நோயாளர்கள் மட்டுமே. வென்றாயிற்று என்று தளர்ந்தார்கள். 1969இல் 5 லட்சத்தைத் தாண்டியது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில். 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ். அதே 2016 கடைசியில் மன்னாரில் ஒரு புதிய மலேரியா நுளம்பைக் கண்டார்கள். நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் இனம். பிறகு யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் கண்டார்கள். நுளம்பு இருக்கிறது, நோய் இல்லை. ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தம் எடுக்கக் கேட்பது அந்த இடைவெளியை மூடாமல் காக்கத்தான். தயவுசெய்து கையை நீட்டுங்கள்.

சாவின் விலாசம்

இறப்புக் கணக்கு வேறு பாதையில் போகிறது. அது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வேலை. வாழ்ந்த இடத்தில் அல்ல, இறந்த இடத்தில்தான் இறப்பைப் பதிவார்கள். வட மாகாணத்துக்கு ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கடும் நோயோடு கொண்டுவருபவர்கள் இங்கே இறந்தால், அந்தச் சாவு யாழ்ப்பாணத்தில் பதிவாகும். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் இறந்த யாழ்ப்பாணத்தவர் கொழும்புக் கணக்கில். இறந்த இடத்தை வைத்துத் தொகுத்த அட்டவணையைப் பார்த்து "யாழ்ப்பாணத்தில் புற்றுநோய்ச் சாவு அதிகம்" என்று பதறுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

வயதும் இருக்கிறது. இளம் ஆட்கள் வெளிநாட்டில். வீட்டில் தாய் தகப்பன். மூத்தவர்கள் கூடிய ஊரில் ஆயிரத்துக்கு எத்தனை சாவு என்ற பருமட்டான இறப்பு வீதம் கூடித்தான் இருக்கும். வயதைச் சரிசெய்யாமல் இரண்டு மாவட்டங்களை ஒப்பிடக் கூடாது.

காரணம் எழுதும் நிரல்தான் மிகவும் பலவீனமானது. ஆஸ்பத்திரியில் இறந்தால் வைத்தியர் எழுதுகிறார். திடீர்ச் சாவு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார். வீட்டில் இறந்தவருக்கு, வீட்டார் சொல்வதை வைத்துப் பதிவாளர் எழுதுகிறார். "வயோதிபம்", "மாரடைப்பு". சாகிறவர் எல்லாருக்கும் இதயம் நிற்கிறது. அதைக் காரணம் என்று எழுதினால், பின்னால் நின்ற சலரோகமும் சிறுநீரக நோயும் கணக்கில் மறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூடாத ஒரு நிரல் உண்டு. 2010இல் வந்த இறப்புகளைப் பதிவு செய்யும் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், போரில் காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. காணியை மாற்றவும் வங்கிப் பணத்தை எடுக்கவும் அந்தக் கடதாசி வேண்டும். பல தாய்மார் வாங்க மறுத்தார்கள். பிள்ளை செத்தான் என்று தன் கையால் எப்படிக் கையெழுத்துப் போடுவது? 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் இன்னொரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதையும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். வடக்கின் இறப்புக் கணக்கைப் படிக்கும் எவரும், இந்தப் பெயர்கள் உயிரோடு இருப்பவர்களின் பக்கத்திலும் இல்லை, இறந்தவர்களின் பக்கத்திலும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இது புள்ளிவிபரத்தின் குறைபாடு அல்ல. பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லாததால் நிற்கும் வெற்றிடம்.

அந்த மார்கழிக்குத் திரும்பி வருகிறேன். கொழும்பு நுளம்பு என்று கண்டுபிடித்த பிறகும் பிஎச்ஐ போகவில்லை. எனக்கு விளங்கவில்லை. "தவறான விலாசம் எண்டு சொல்லிப்போட்டு ஏன் ஐயா இங்க பாக்கிறியள்?" என்று கேட்டேன்.

"திங்கள் இரவில இருந்து புதன் வரைக்கும் அவர் எங்க படுத்தவர்?"

விறாந்தையைக் காட்டினேன். வலை கட்டாமல்.

காய்ச்சல் நாட்களில் நோயாளியின் இரத்தத்தில் கிருமி நிறைந்திருக்கும். அந்த நாட்களில் அவனைக் கடித்த எங்கள் வளவு நுளம்பு, ஒரு கிழமை கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே ரோர்ச் அடித்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "பங்குக் கிணறோ அம்மா? எத்தினை வீடு அள்ளுறது?" என்று கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நாலு வீடு.